உருகுவதற்கென்றே ஒரு கம்பி

இந்தியச் சாலையில் ஹார்ன் அடிக்காமல் போகும் மோட்டார் சைக்கிள்காரரைப் பார்த்தால் இரண்டு காரணங்களை ஊகிக்கலாம். ஒன்று, அவர் பண்பாளர். மற்றொன்று, அவர் வண்டியில் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். ஹார்ன் போனது அவருக்குத் தெரிந்திருக்கும். அதோடு பிரேக் விளக்கும் போயிருப்பது தெரிந்திருக்காது. அது அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

இந்த அறியாமைக்கு வண்டியின் அமைப்பே ஒரு காரணம். ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகிய இரண்டும் 1985இல் இந்தியச் சாலைகளுக்கு வந்தன. இவற்றைப் போன்ற கிக்கர் வண்டிகளில் இன்ஜினுக்கு வேண்டிய தீப்பொறியும் ஹெட்லைட்டுக்கு வேண்டிய மின்சாரமும் சுழலும் மேக்னெட்டிலிருந்து நேராக வந்துவிடும். ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு ஆகியவை மட்டும் ஒரு சிறிய பேட்டரியை நம்பியிருந்தன. அந்தப் பேட்டரிக்கும் இவற்றுக்கும் நடுவே ஒரே ஒரு ஃபியூஸ். அது போனாலும் வண்டி ஓர் உதையில் கிளம்பிவிடும். இரவில் முன்விளக்கும் எரியும். 'வண்டிதான் ஓடுகிறதே' என்று உரிமையாளர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார். ஓடுவதற்கு ஃபியூஸ் தேவையில்லை. நிற்பதைப் பின்னால் வருபவருக்குச் சொல்லத்தான் தேவை.

அது சிறிய விஷயமல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்து வகைகளில் அந்த ஆண்டு முதலிடம் பிடித்தது, பின்னாலிருந்து வந்து மோதுவது. இவற்றில் எத்தனைக்கு எரியாத பிரேக் விளக்கு காரணம் என்று எந்தப் பட்டியலும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆனால் லாரிக்கு முன்னால் விளக்கில்லாமல் பிரேக் பிடிப்பது எத்தகைய சூதாட்டம் என்று சொல்லப் பட்டியல் தேவையில்லை.

ஃபியூஸ் என்ற சொல்லுக்குப் பாடப்புத்தகத் தமிழில் 'உருகி' என்று பெயர். நல்ல சொல்தான். ஆனால் எந்த மெக்கானிக் கடையிலும் அது நுழைந்ததில்லை. அங்கே ஃபியூஸ் 'போய்விடும்'. தில்லி கரோல் பாகின் மோட்டார் சைக்கிள் சந்துகளில் அது 'உட் கயா', அதாவது பறந்துவிட்டது. இரண்டு மொழிகளும் அது ஏதோ வேலையை விட்டு ஓடிவிட்டதுபோலப் பேசுகின்றன. உண்மை அதற்கு நேர்மாறு. எரிந்த ஃபியூஸ் வேலையைச் செய்து முடித்த ஃபியூஸ். பாடப்புத்தகச் சொல்லில்தான் நியாயம் இருக்கிறது. உருகுவதே அதன் கடமை.

மின்சாரம் பாயும் எந்தக் கம்பியும் சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். வண்டி முழுக்க ஓடும் வயர்களைவிட மெல்லியதாக, எளிதில் உருகக்கூடியதாக ஓர் இழையை வழியில் வைத்துவிட்டால், அளவுக்கு மேல் மின்னோட்டம் பாயும்போது முதலில் அது அறுந்துவிடும், மற்றவை பிழைக்கும். அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மோட்டார் சைக்கிளில் வயர்கள் எங்கே போகின்றன என்று பார்த்தால் போதும். மொத்த வயர்க் கட்டும் பெட்ரோல் டேங்குக்கு அடியில்தான் போகிறது. பழைய வண்டிகளில் கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி ஆளுக்கு ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் செல்ஃப் ஸ்டார்ட் வண்டியின் பேட்டரி, ஷார்ட் ஆனால் 100 ஆம்பியருக்கும் மேல் கொட்டக்கூடியது. வயரின் பிளாஸ்டிக் உறை இளகிப் புகை கிளம்பச் சில விநாடிகள் போதும். அந்த விநாடிகளைத் தடுப்பது சில ரூபாய் விலையுள்ள ஒரு துண்டு.

சரி, அது எங்கே இருக்கிறது? வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கையேடு தொலைந்துபோயிருந்தால், பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து கிளம்பும் வயரைப் பின்தொடர்வதே வழி. பெரும்பாலான வண்டிகளில் அது சிவப்பாக இருக்கும். ஃபியூஸின் காவல் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது என்பதால், தயாரிப்பாளர்கள் அதைப் பேட்டரிக்கு முடிந்தவரை பக்கத்திலேயே வைப்பார்கள். பழைய கிக்கர் வண்டிகளில் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் பேட்டரிக்கு அருகே ஒரு சிறிய பிளாஸ்டிக் உறை தொங்கும். அதைத் திறந்தால் உள்ளே விரல்கடை நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். இரு முனைகளிலும் உலோகத் தொப்பி. நடுவே மயிரிழைபோல் ஒரு கம்பி.

செல்ஃப் ஸ்டார்ட் வண்டிகளில் பேட்டரியிலிருந்து போகும் தடித்த வயர் ஸ்டார்ட்டர் ரிலேயில் போய் முடியும். பல வண்டிகளில் மெயின் ஃபியூஸ் அந்த ரிலேயின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் உதிரி ஒன்றும் செருகப்பட்டிருக்கும். தங்கள் வண்டியில் உதிரி ஃபியூஸ் இருப்பது பலருக்கு அந்த வண்டியை விற்கும் நாள்வரை தெரிவதில்லை. புதிய வண்டிகளில் சீட்டுக்கு அடியிலோ பக்க மூடிக்குப் பின்னாலோ ஒரு சிறிய பெட்டியில் ஐந்தாறு ஃபியூஸ்கள் வரிசையாக இருக்கும். பெட்டியின் மூடியில் எது எதற்கு என்று அச்சிட்டிருப்பார்கள்.

இவை கண்ணாடிக் குழாய்கள் அல்ல. இரண்டு தட்டையான கால்கள் கொண்ட பிளேடு ஃபியூஸ்கள். இவற்றுக்கு ஒரு நிற மொழி உண்டு. 5 ஆம்பியர் இளம்பழுப்பு, ஏழரை ஆம்பியர் அடர்பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. கார்களிலும் இதே நிறங்கள்தான். எனவே மோட்டார் சைக்கிள் கடை இல்லாத ஊரிலும், அளவும் எண்ணும் பொருந்தினால், கார் கடையில் கிடைப்பது உதவும்.

ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. முதல் வழி கண். சாவியை அணைத்துவிட்டு ஃபியூஸை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் இழை அறுந்திருப்பது தெரியும். ஆனால் கண் ஏமாறும். கண்ணாடி ஃபியூஸில் இழை தொப்பிக்குள்ளேயே அறுந்திருந்தால் வெளியே முழுசாகத் தெரியும். இரண்டாவது வழி, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த, அதே எண் கொண்ட இன்னொன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பது.

மூன்றாவது, நாடு முழுக்க மெக்கானிக்குகளின் பையில் இருக்கும் டெஸ்ட் லேம்ப். ஒரு சிறிய பல்பு, இரண்டு வயர், ஒரு கிளிப், ஒரு ஊசிமுனை. கிளிப்பைப் பேட்டரியின் மைனஸில் மாட்டி, சாவியைப் போட்டு, ஃபியூஸின் இரு முனைகளையும் ஊசியால் தொட வேண்டும். பிளேடு ஃபியூஸின் தலையில் இதற்கென்றே இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் திறந்திருக்கும். கழற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. இரு முனையிலும் பல்பு எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒரு முனையில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் குற்றவாளி ஃபியூஸ் அல்ல. மின்சாரமே அதுவரை வந்து சேரவில்லை. பேட்டரியையோ, அதன் முனைகளையோ, சாவி ஸ்விட்சையோ பார்க்க வேண்டும்.

நான்காவது வழி மல்டிமீட்டர். இன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் இந்தக் கருவியில், கழற்றிய ஃபியூஸின் இரு முனைகளையும் தொட்டால் நல்ல ஃபியூஸ் 'பீப்' என்று குரல் கொடுக்கும். போனது மௌனம் சாதிக்கும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் மின்சாரம் போகாமல் இருப்பதும் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் கடைகளுக்கு வரும் வண்டிகளில் இது சகஜம். ஃபியூஸைப் பிடித்திருக்கும் கவ்விகள் துருவேறி, பச்சைக் களிம்பு பிடித்து, அல்லது தளர்ந்துபோய்த் தொடர்பை விட்டிருக்கும். தளர்ந்த கவ்வி தானே சூடாகி, பிளாஸ்டிக் உறையை மஞ்சளாக்கி உருக்கியிருப்பதையும் காணலாம். அங்கே புது ஃபியூஸ் போட்டுப் பயனில்லை. உப்புத்தாளால் தேய்த்துக் கவ்வியை இறுக்க வேண்டும், அல்லது உறையையே மாற்ற வேண்டும்.

எரிந்த ஃபியூஸைத் தூக்கி எறியும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பது நல்லது. எப்படி எரிந்தது என்பதையும் அது சொல்லும். இழை நடுவில் மட்டும் சற்றே உருகி விலகியிருந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால், சுமை கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சியிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். கண்ணாடியின் உட்புறம் கறுத்தோ வெள்ளிப் பூச்சு பூசியதுபோலவோ இருந்தால், இழை ஒரே நொடியில் ஆவியாகியிருக்கிறது. எங்கோ ஒரு வயர் உரிந்து வண்டியின் உடம்பைத் தொட்டுவிட்டது. அதாவது நேரடி ஷார்ட். முதலாவது, கேட்டதைவிட அதிகம் கேட்கிறார்கள் என்ற புகார். இரண்டாவது, எங்கோ ஆபத்து என்ற கூக்குரல்.

இந்தக் கூக்குரலுக்கு இந்தியச் சாலையோரம் கண்டுபிடித்த பதில்தான் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள். எரிந்த ஃபியூஸின் மேல் அதைச் சுற்றிச் செருகினால் ஹார்ன் மீண்டும் அலறும். தாள் கிடைக்காத இடத்தில் தாமிர வயர். இதற்குக் 'கைவைத்தியம்' என்று செல்லப் பெயர். வைத்தியம் என்பதைவிட, வலியைச் சொல்லும் வாயைக் கட்டுவது என்பதே சரி. நூல்போன்ற ஒற்றைத் தாமிர இழை, 0.2 மில்லிமீட்டர் கனம் இருந்தால், சுமாராக ஏழு ஆம்பியரில் உருகும். இரவு நேரத்தில் நடுக்காட்டில் அந்த ஒற்றை இழையைப் போட்டு அடுத்த ஊர்வரை போவதையாவது மன்னிக்கலாம். ஆனால் ஒற்றை இழையோடு நிறுத்துபவர் யார்? 'பலமாக இருக்கட்டும்' என்று நான்கு இழைகளை முறுக்கிவிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட 30 ஆம்பியர்வரை தாங்கும். வண்டியின் வயர்கள் தாங்காது. அதன் பிறகு அடுத்த ஷார்ட்டில் உருகப்போவது ஃபியூஸ் அல்ல, டேங்குக்கு அடியில் இருக்கும் வயர்க் கட்டு. சில ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது, பல ஆயிரம் ரூபாய்க்கு வயரிங் மாற்றுவதில் முடியும். அதுவும் தீ பிடிக்காமல் தப்பித்தால்.

இதே தவறின் நாகரிகமான வடிவம், 10 ஆம்பியர் அடிக்கடி போகிறது என்று 20 ஆம்பியர் போடுவது. கணக்கு எளிமையானது: வாட்டை 12ஆல் வகுத்தால் ஆம்பியர். 35 வாட் ஹெட்லைட்டுக்குச் சுமார் மூன்று ஆம்பியர். 21 வாட் பிரேக் விளக்குக்கு இரண்டுக்குள். பத்துப் பத்து வாட்டில் ஒரு பக்கத்து இண்டிகேட்டர்கள் இரண்டுக்கும் சேர்த்து இன்னும் ஓர் இரண்டுக்குள். ஹார்னையும் சேர்த்தாலும் 10 ஆம்பியருக்குள் அடங்கும் குடும்பம் இது. அதில் 55 வாட் விளக்குகள் இரண்டைக் கூடுதலாகப் பூட்டினால் அவை மட்டுமே ஒன்பது ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஃபியூஸ் போகத்தான் செய்யும். அப்போது ஃபியூஸைப் பெரிதாக்கினால் வயர் பெரிதாகிவிடாது. கூடுதல் விளக்கோ காற்று ஹார்னோ வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ரிலே, தனி ஃபியூஸ் என்று போடுவதே முறை. அவசரத்தில் ஃபியூஸின் எண் குறைந்தால் பரவாயில்லை, கூடினால் ஆபத்து. 15 இருக்க வேண்டிய இடத்தில் 10 போட்டுத் தேவையற்ற விளக்குகளை அணைத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

புதிய ஃபியூஸும் உடனே போனால்? மூன்றாவதைப் போடுவது காசைக் கரியாக்கும் வேலை. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இங்கே ஓர் அழகான உத்தியைக் கையாள்கிறார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், அதன் இரு கவ்விகளுக்கும் இடையே, 21 வாட் பிரேக் விளக்கு பல்பு ஒன்றை வயரால் இணைக்கிறார்கள். எங்கே ஷார்ட் இருந்தாலும் இந்தப் பல்பைத் தாண்டி இரண்டு ஆம்பியருக்கு மேல் போக முடியாது. எனவே எதுவும் எரியாது. ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். இனி ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். வயர்க் கட்டை இடம் இடமாக அசைக்க வேண்டும். இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எந்த இடத்தில் கை வைக்கும்போது பல்பு சட்டென்று மங்குகிறதோ, அங்கேதான் கோளாறு. ஒரு ஃபியூஸ்கூட வீணாகாமல் குற்றவாளி பிடிபடுகிறான்.

பெரும்பாலும் அவன் ஒளியும் இடங்கள் மூன்று. ஒன்று, ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி. ஆண்டுக்கணக்கில் மடங்கி விரிந்து உறை தேய்ந்திருக்கும். இரண்டு, பின் மட்கார்டுக்கு அடியில் டயர் வீசும் சேற்றில் நனைந்துகொண்டே போகும் பின்விளக்கு வயர். மூன்று, சீட்டுக்கும் டேங்குக்கும் அடியில் நசுங்கிய வயர். பூட்டியவர் கவனக் குறைவின் அடையாளம். நகரத்து வீடுகளில் நாலாவது குற்றவாளியும் உண்டு. அது எலி.

ஃபியூஸின் முக்கியத்துவம் இப்போது கூடியிருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் தயாராகும் இரு சக்கர வாகனங்களின் முன்விளக்கு, இன்ஜின் ஓடும்போதெல்லாம் தானாக எரிய வேண்டும் என்று விதி வந்தது. 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததும் கார்புரேட்டர் ஏறக்குறைய விடைபெற்று, எரிபொருளை மின் பம்பும் கம்ப்யூட்டரும் அளந்து தரத் தொடங்கின. எனவே மெயின் ஃபியூஸ் போனால் இன்றைய வண்டி பழைய வண்டியைப்போல ஓர் உதையில் கிளம்பாது. தள்ளினாலும் உயிர் வராது. ஏபிஎஸ் ஃபியூஸ் போனால் பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈரச் சாலையில் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏற்பாடு செயலிழந்திருக்கும். மீட்டரில் எரியும் மஞ்சள் விளக்கை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. மின்சார ஸ்கூட்டர்கள் வேறு இனம். அவற்றின் பெரிய பேட்டரியைக் காக்கும் ஃபியூஸ் வீட்டில் திறந்து பார்க்கும் பொருள் அல்ல. பயிற்சி பெற்றவரிடமே அதை விட வேண்டும்.

மணாலியிலிருந்து லே வரை புல்லட்டில் போகிறவர்கள் கிளட்ச் கேபிளும் ஸ்பார்க் பிளக்கும் ஃபியூஸும் இல்லாமல் கிளம்புவதில்லை. மணிக்கணக்கில் ஒரு கடைகூட வராத சாலை அது. ஆனால் அலுவலகத்துக்குப் போகும் பத்து கிலோமீட்டரிலும் இருட்டு உண்டு, மழை உண்டு, பின்னால் லாரி உண்டு. சரியான எண் கொண்ட இரண்டு உதிரி ஃபியூஸ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் ஒட்டிவைக்க ஒரு டீயின் செலவுகூட ஆகாது. வாரம் ஒருமுறை, இருட்டில் சுவரை நோக்கி வண்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்தால் சுவர் இருமுறையும் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் முதலில் பல்பு, அடுத்து ஸ்விட்ச், ஹார்னும் சேர்ந்து போயிருந்தால் ஃபியூஸ். ஒருமுறை போனால் மாற்றலாம். இரண்டாம் முறையும் போனால் வண்டியை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். வெள்ளித் தாள் சிகரெட் பெட்டியிலேயே இருக்கட்டும்.